பதினேழாம் மெஷினின் கருவாட்டு வாசம்

புரட்டாசி பிறந்து ஒன்பதாம் நாள், ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நாலாவது மாடியில், நூற்பாலைகளுக்கு சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கும் நாற்பது பேருடைய கம்பெனியில், பதினோரு வருஷமாக எழுதி எழுதிச் சேர்த்து வைத்திருந்த கோட் அத்தனையும் வாசம் அடிக்கத் தொடங்கியது.

முதலில் கண்டுகொண்டவன் சுகவனம். பழைய ஃபைல் ஒன்றைத் திறந்தவன் மூக்கில் எலுமிச்சைச் சாதம் மணத்தது, கடலைப்பருப்பு லேசாகக் கருகிய எலுமிச்சைச் சாதம். மேஜைக்கு அடியில் யாராவது டப்பாவைத் திறந்து வைத்திருக்கிறார்களா என்று குனிந்து பார்த்தான், இல்லை. ஃபைலைக் கீழே நகர்த்தினான். முப்பது வரி தாண்டியதும் எலுமிச்சை போய்ப் பூண்டு ஊறுகாய் வந்தது, அதற்கும் கீழே மோர்க்குழம்பு, அதற்கும் கீழே எந்த ஹாஸ்டலில் கொதித்ததோ தெரியாத ஒரு தண்ணிச் சாம்பார். எழுதியவர் அன்று மதியம் எதைப் பிசைந்து சாப்பிட்டாரோ, கை கழுவிய பிறகும் விரலிடுக்கில் எது தங்கியிருந்ததோ, அது அந்த விரல் தட்டிய வரிகளில் இத்தனை வருஷமாகப் பதுங்கிக் கிடந்து இப்போது எழுந்து வந்திருந்தது. பகல் பன்னிரண்டுக்குள் நாற்பது பேரும் ஆளுக்கொரு திரையில் மூக்கை வைத்து முகர்ந்துகொண்டிருந்தார்கள். கரன்ட் போனதைச் சொல்வது போல, "ஏனுங், உங்க பக்கமும் வருதா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்களே தவிர, இது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது, அவ்வளவுதான்.

பன்னிரண்டே காலுக்கு யாரோ 'முன்னறி'யைத் திறந்தார்கள்.

முன்னறி என்பதுதான் அந்தக் கம்பெனியின் சோறு. ஒரு மில்லில் நூல் நூற்கும் கதிர்கள் பத்தாயிரம் சுற்றினால் அதில் எந்தக் கதிரில் இன்னும் பத்து நிமிஷத்தில் நூல் அறுந்துபோகும் என்று முன்கூட்டியே சொல்லும் புரோகிராம் அது. முப்பத்திரண்டு மில்கள் அதை நம்பி ஓடின. அதைத் திறந்ததும் மேலே நாலு வரி நீங்கலாகக் கடைசிவரை கருவாடு மணத்தது. சும்மா மணக்கவில்லை, புரட்டாசி மாதத்தில், பாதிப் பேர் நெற்றியில் நாமமும் பாதிப் பேர் வயிற்றில் விரதமுமாக இருக்கிற ஆபீஸில், மண்சட்டியில் புளி ஊற்றிக் கொதித்து இறக்கிய கருவாட்டுக் குழம்பாக மணத்து, ஏசி வழியாக எல்லா அறைக்கும் போய், கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நாலைந்து காக்கைகளைக் கொண்டுவந்து உட்கார வைத்தது. சாயங்காலத்துக்குள் ஆறு பூனைகள் நாலு மாடிப் படி ஏறி வந்து சர்வர் ரூம் வாசலில் வரிசையாக அமர்ந்தன. கூட்டிப் பெருக்கும் ராமாத்தாள் அவற்றைத் துடைப்பத்தால் தள்ளிப் பார்த்து, முடியாமல், அவற்றைச் சுற்றிப் பெருக்கப் பழகிக்கொண்டாள்.

முன்னறியை எழுதியது யார் என்று கேட்டால் பதில் ரெடியாக இருந்தது. எழுதியதைக் கம்பெனியின் பொதுப் பெட்டகத்தில் சேர்ப்பதற்கு கமிட் என்று பெயர். சேர்க்கிற ஒவ்வொரு தடவையும் எழுதியவர் பெயரும் மெயில் முகவரியும் தானாக ஒட்டிக்கொண்டு லாக் என்கிற பதிவேட்டில் ஏறிவிடும். லாகில் முன்னறியின் கிட்டத்தட்ட எல்லா வரிக்கும் எதிரே சாந்தலிங்கம், சாந்தலிங்கம், சாந்தலிங்கம் என்று இருந்தது. லிங்கம் சார்தான் கம்பெனியில் கோட் எழுதுகிறவர்களுக்கெல்லாம் தலைவர். மூன்று தலைமுறைச் சைவம். திருநீறு அழியாத நெற்றி. சாப்பாட்டைக் கரண்டியால்தான் சாப்பிடுவார், அதற்கு முன்னும் பின்னும் சானிடைசர் போட்டுக்கொள்வார். அவர் கையால் எழுதிய வரிகளும் இருக்கத்தான் செய்தன. ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் கம்பெனி பெயரையும் உரிமையையும் சொல்லும் நாலு வரி, அவை மட்டும் சுத்தமாக சானிடைசர் மணத்தன.

மூலை இருக்கையில் உட்கார்ந்திருந்த ஜெசிந்தா மச்சாது அன்று முழுக்கத் தலை நிமிரவில்லை.

அவளுக்கு முதலில் வந்தது வெட்கம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆறு வருஷமாக வெட்கப்படப் பழக்கியிருந்தார்கள். தூத்துக்குடிப் பக்கம் வேம்பார்க் கடற்கரைக்காரி. அம்மா மாதம் ஒரு தடவை பார்சல் பஸ்ஸில் போட்டுவிடும் கருவாடு இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் அவள் டப்பாவைத் திறந்ததும் சாப்பாட்டு அறையில் நாற்காலிகள் பின்னுக்கு நகர்ந்தன. நாலாம் நாள் சுவரில் ஒரு போர்டு தொங்கியது, 'இங்கே அசைவம் தவிர்ப்போம், அனைவரையும் மதிப்போம்.' அனைவரிலும் அவள் சேரவில்லை போலும். அன்றிலிருந்து அவள் நெருப்புப் பிடித்தால் இறங்குவதற்கென்று கட்டிய இரும்புப் படியில் உட்கார்ந்து, வெயிலோ மழையோ, தனியாகச் சாப்பிட்டு, மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவி, விரலை முகர்ந்து பார்த்து, இன்னும் இருக்கிறதே என்று இன்னொரு தடவை கழுவி, வந்து உட்கார்ந்து முன்னறியை எழுதினாள்.

இப்போது வெட்கம் அடங்கியதும் அவள் மெல்ல முகர்ந்தாள். இது நெத்திலி, தேங்காய் அரைத்துவிட்டது, நூல் அறுவதற்கு முன்னால் கதிரின் அதிர்வு மாறுவதை அவள் கண்டுபிடித்த வாரம். இது வாளை, கத்திரிக்காயும் மாங்காயும் போட்டது. இந்த அறுபது வரியில் வாசமே இல்லை, அப்பா கடலில் இறந்து அவள் சாப்பிடாமல் எழுதிய நாட்கள். தன் ஆறு வருஷமும் அப்படியே இருப்பதைக் கண்டு மேலும் கீழும் நகர்த்தித் திரும்பத் திரும்ப முகர்ந்தாள். சந்தோஷம்தான். பொய் சொல்ல முடியாத ஒன்று கடைசியில் வந்துவிட்டது என்று நினைத்தாள், பாவம்.

அவள் வரியில் அவர் பெயர் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். அந்த ஆபீஸின் வழக்கம் அது. புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுக்கும் கம்ப்யூட்டரை யாரும் முதலிலிருந்து தயார் செய்வதில்லை. லிங்கம் சாரின் மெஷினை அப்படியே நகல் எடுத்து, ஒரு நம்பர் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள். அவர் கோப்புகள், அவர் வால்பேப்பர் பேரூர்க் கோயில் கோபுரம், அவர் பெயர். மெயில் முகவரியில் மட்டும் மெஷின் நம்பர் வாலாக ஒட்டிக்கொண்டிருக்கும். நாற்பது பேரும் பெயரளவில் சாந்தலிங்கம்தான், ஜெசிந்தா பதினேழாம் மெஷின் சாந்தலிங்கம். சேர்ந்த மாதமே அவள் இதைக் கவனித்து, செட்டிங்கில் பெயரையும் முகவரியையும் திருத்தித் தன் பெயரில் பத்தொன்பது கமிட் சேர்த்தாள். இருபதாவதைப் பெட்டகம் ஏற்க மறுத்தது. லிங்கம் சார் பெட்டகத்து வாசலில் ஒரு காவல் புரோகிராம் வைத்திருந்தார். அவர் பெயர் இல்லாத எதுவும் உள்ளே போகாது.

"ஏன் சார் இப்பிடி?" என்று அவள் போய்க் கேட்டாள்.

"மில்லுக்காரங்களுக்கு ஒரே பேரா தெரிஞ்சாத்தான் கண்ணு நம்பிக்கை வரும்," என்றார் அவர். "நாமெல்லாம் ஒரே குடும்பம். பேர்ல என்ன இருக்குது? வேலையப் பாரு."

பெயரில் ஒன்றுமில்லை என்று சொல்கிறவர்கள் எப்போதும் தங்கள் பெயரை வைத்துக்கொண்டுதான் சொல்கிறார்கள். அவள் பழைய பெயரையே போட்டு வேலையைப் பார்த்தாள்.

ஆபீஸ் வாசத்தைப் பழகிக்கொண்ட விதம் இருக்கிறதே, அதைச் சொல்ல வேண்டும். முதல் வாரம் செத்த எலியைத் தேடினார்கள். ஏசிக்காரன் வந்து கூரையைப் பிரித்து மூடிவிட்டுப் போனான். கற்பூரம் கொளுத்தினார்கள், ரோஜா வாசனை அடிக்கும் டப்பாவை மேஜைக்கு மேஜை வைத்தார்கள், கருவாடும் ரோஜாவும் கலந்து இரண்டு பேர் வாந்தி எடுத்ததும் அதை நிறுத்தினார்கள். இரண்டாம் வாரத்தில் அதுவே வசதியாகிவிட்டது. ஒரு வரியில் தப்பு இருந்தால் யார் எழுதியது என்று முகர்ந்து கண்டுபிடித்தார்கள். "இதுல பூண்டு அடிக்குது, ரவீந்திரனக் கூப்பிடு" என்றார்கள். "இது மோர்க்கொழம்பு, அந்தம்மா ரிசைன் பண்ணிப் போயி ரெண்டு வருசமாச்சே" என்றார்கள். முன்னறியில் ஏதாவது புரியாவிட்டால் யாரும் லிங்கம் சார் கேபின் பக்கம் திரும்பவில்லை. மூலை இருக்கைக்கு நேராக நடந்துபோய், "ஜெசி, இந்த எடம் எதுக்குன்னு சொல்லேன்" என்றார்கள். அவள் சொன்னாள். நன்றி சொல்லிவிட்டுப் போய் அறிக்கையில் 'லிங்கம் சாரின் விளக்கப்படி' என்று எழுதினார்கள். மூக்குக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியவில்லை. நாற்பது பேர், நாற்பது மூக்கு, ஒருவராவது மூச்சு விடவில்லை.

ஐப்பசியில் கம்பெனியை வடக்கே ஒரு பெரிய கம்பெனி வாங்கப்போகிறது என்று எம்.டி. எல்லோரையும் நிற்கவைத்து அறிவித்தார். பன்னிரண்டு பேரை வைத்துக்கொள்வார்கள், மற்றவர்கள் போகலாம். யார் அந்தப் பன்னிரண்டு என்பதை லாக் முடிவு செய்யும். யார் பெயரில் எத்தனை கமிட், யார் முகவரியில் எத்தனை வரி என்று வருகிறவர்களே எண்ணிப் பார்ப்பார்களாம்.

அன்று மதியம் இரும்புப் படியில் இருந்தபோது அம்மா போன் செய்தாள்.

"ஏட்டி, நம்ம வள்ளத்துக்கு இன்னைக்கி பெயின்ட் அடிச்சாச்சு. அப்பா எழுதுன மாரியே நீலத்துல ஒம் பேரப் பெருசா எழுதச் சொல்லிட்டேன். கரையில இருந்து பாத்தாலே ஜெசிந்தான்னு தெரியிது. அங்கன நீ செஞ்ச மிசினு வேலயிலயும் ஒம் பேரு போட்டிருப்பாவல்லா?"

"போட்ருக்காவ ம்மா," என்றாள் ஜெசிந்தா. சொன்ன பிறகு டப்பாவை மூடினாள். அந்தப் படியிலேயே உட்கார்ந்து, இதைப் பொய்யாக விடக் கூடாது என்று முடிவு செய்தாள்.

அவள் கேட்டது பெரிய விஷயமல்ல. பெட்டகத்தில் பெயர்த் திருத்தத்துக்கென்றே ஒரு சின்ன ஃபைல் வைக்கலாம். அதில் ஒரு வரி. இடப்பக்கம் உண்மையான பெயர், வலப்பக்கம் தப்பாக ஏறிய பெயரும் முகவரியும். பதினேழாம் மெஷினிலிருந்து சாந்தலிங்கம் என்று வந்ததெல்லாம் ஜெசிந்தா மச்சாது என்று ஒரே ஒரு வரி போட்டால், ஆறு வருஷ லாகும் ஒரு நொடியில் சரியாகிவிடும். பழைய வரி ஒன்றைக்கூடத் தொட வேண்டாம். ஆனால் அந்த ஃபைலை எழுதும் உரிமை லிங்கம் சாரிடம் மட்டுமே இருந்தது.

முதலில் அவள் மனிதவள அதிகாரி வைஜயந்தியிடம் போனாள்.

"பதினேழாம் மெஷின் ஆறு வருசமா என்கிட்டதான் மேடம் இருக்கு. நீங்கதான் ரெஜிஸ்டர்ல கையெழுத்து வாங்குனீங்க."

"வாங்குனேன், இல்லீங்கல. ஆனா அதுல நீ என்ன எழுதுனேன்னு ரெஜிஸ்டர்ல இல்லியே ஜெசிந்தா."

"ஃபைலத் தொறந்து ஒரு தடவ மோந்து பாருங்க. இந்த ஆபீஸ்ல வேற யாரு கருவாடு சாப்புடுதா?"

வைஜயந்தி கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்தாள். "எனக்குத் தெரியாதா? எல்லாருக்கும் தெரியும். ஆனா வாசத்த எப்புடி ஃபைல்ல வெக்கறது? பிரின்ட் எடுத்தா வராது. உனக்கு மாத்துனா மிச்ச முப்பத்தொம்பது பேரும் வருவாங்க. நீ பேசாம லிங்கம் சார்கிட்டயே கேளு. நல்ல மனுசன்."

நல்ல மனுஷன் அவளை மறுநாள் தானாகவே கூப்பிட்டார். வாங்க வந்தவர்களின் வக்கீல் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். வடக்கத்தியர்களுக்கும் மூக்கு உண்டல்லவா. முன்னறியின் நகலைத் திறந்த நிமிஷமே வாசம் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது, அது எழுதியவர் கையிலிருந்து வருகிறது என்ற கதையும் தெரிந்துவிட்டது. ஆகவே ஒப்பந்தத்தில் பதினான்காவது பிரிவாக, முன்னறியை எழுதியவர் தங்கள் கண் முன்னால் புதிதாக ஒரு வரி எழுத வேண்டும், அந்த வரி மற்ற வரிகளின் வாசத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று சேர்த்திருந்தார்கள்.

"உக்காரு கண்ணு," என்றார் லிங்கம் சார். அவர் முகம் வெளுத்திருந்தது. "வியாழக்கெழம அவிய வர்றாங்க. நீ… உன்ற ஊருச் சாப்பாடு கொஞ்சம் எனக்கும் சேத்திக் கொண்டாரணும்."

ஜெசிந்தாவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. "நானே உக்காந்து எழுதுதேன் சார். நான்தான எழுதுனேன்."

"லாகுல என்ற பேரு இருக்குது. நீ வந்து உக்காந்தா, அப்ப பதினோரு வருசமும் பொய்யான்னு கேப்பாங்க. எந்திரிச்சுப் போயிருவாங்க. நாப்பது குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துரும். உன்னால வந்துச்சுன்னு ஆகணுமா?" அவர் குரலைத் தாழ்த்தினார். "நீ கேட்ட அந்த ஒரு வரி. வைஜயந்தி சொல்லுச்சு. வியாழக்கெழம அவிய காரேறுன ஒடனே உன்ற கண்ணு முன்னால நானே எழுதறேன். பட்டீஸ்வரன் சத்தியமா."

வெளியே வந்தபோது சுகவனம் அவள் மேஜை அருகே நின்றான். ஆபீஸில் அவளோடு இரும்புப் படிவரை வந்து, டப்பாவைத் திறக்கும்வரை பேசிக்கொண்டிருக்கும் ஒரே நண்பன் அவன். "ஜெசி, தயவு செஞ்சு கெடுத்துராத," என்றான். "பொறந்து நாப்பது நாள்கூட ஆகல என் கொழந்த." அவன் பயம் அவளுக்குப் புரிந்தது. அவன் இதைத் தன்னிடம் வந்து சொன்னதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

சத்தியத்தை நம்பினாளா என்றால், நம்பாமல் போவதற்கு அவளுக்கு வேறு வழி வைக்கவில்லை. வியாழக்கிழமை காலையில் வாளைக் கருவாட்டைச் சுடுதண்ணீரில் அலசி, கத்திரிக்காயும் மாங்காயும் போட்டுக் குழம்பு வைத்து, இரண்டு டப்பாவில் எடுத்துக்கொண்டு போனாள். ஆபீஸுக்குள் கருவாட்டை ஒளிக்காமல் கொண்டுபோனது அன்றைக்குத்தான்.

லிங்கம் சார் கேபினில் கதவைப் பூட்டிக்கொண்டு, இருபது வருஷத்தில் முதல் தடவையாகக் கையால் பிசைந்தார். ஒரு வாய் வைத்ததும் கண்ணில் தண்ணீர் கொட்டியது. குமட்டிக் குமட்டி நாலு கவளம் விழுங்கினார். விரல் விரலாக, முட்டியிடுக்கு விடாமல் குழம்பைத் தேய்த்துக்கொண்டார். பிறகு கழுவினார். ஜெசிந்தா நின்றுகொண்டு, எவ்வளவு கழுவலாம், எதற்கு மேல் கழுவக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தாள். இந்த வித்தையில் அவளை விட்டால் அந்த ஆபீஸில் ஆள் இல்லை.

பெரிய அறையில் வடக்கேயிருந்து வந்த மூவரும் எம்.டி.யும் மற்றவர்களும் சுற்றி நிற்க, லிங்கம் சார் கீபோர்டு முன்னால் உட்கார்ந்தார். உட்கார்ந்தவருக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. எழுதி எத்தனையோ வருஷமாகியிருந்தது. கடைசியில் மிகுந்த கவனத்தோடு ஒரு குறிப்பு வரி தட்டினார், 'இதை எழுதியவர் சாந்தலிங்கம்.' வாசம் எழுந்தது. வாளை, கத்திரிக்காய், மாங்காய். மூவரும் திரைமேல் குனிந்து முகர்ந்தார்கள், பழைய வரியை முகர்ந்தார்கள், மறுபடி புது வரியை முகர்ந்தார்கள். வக்கீல் பதினான்காவது பிரிவுக்கு எதிரே டிக் அடித்தார். நாற்பது பேரும் கை தட்டினார்கள்; ஜெசிந்தாவும் தட்டினாள், எல்லோரும் தட்டும்போது தட்டாமல் எப்படி நிற்பது. சர்வர் ரூம் வாசலில் இருந்த ஆறு பூனைகள் மட்டும் ஒரு தடவை மூக்கை உயர்த்திப் பார்த்துவிட்டு எழுந்திரிக்காமல் படுத்துக்கொண்டன. அதை ராமாத்தாள் பார்த்தாள். அவளைக் கேட்பார் இல்லை.

கார் கிளம்பியது. லிங்கம் சார் சொன்ன சொல் தவறவில்லை. அவளைக் கூப்பிட்டு, பக்கத்தில் நிற்க வைத்து, அந்தச் சின்ன ஃபைலைத் திறந்து, ஒரு வரி எழுதினார். ஜெசிந்தா மச்சாது என்ற பெயர் எழுத்தெழுத்தாகத் திரையில் வருவதைப் பார்த்ததும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆறு வருஷம். அதற்கு மேல் எதுவும் அவளுக்குத் தெரியவில்லை, எல்லாம் கலங்கலாகத்தான் தெரிந்தது. அவர் சேமித்து மூடினார். "திருப்திதானே கண்ணு?" என்றார். "ரொம்ப நன்றி சார்," என்று அவள் சொன்னாள். இந்த நன்றியை நினைத்து நினைத்துத்தான் அவள் பிற்பாடு பல நாள் பல்லைக் கடித்தாள்.

மறுநாள் காலை லாகைத் திறந்தாள். பதினேழாம் மெஷின் என்ற முகவரி இருந்த இடமெல்லாம் அப்படியேதான் இருந்தது, சாந்தலிங்கம். தன் பெயரைத் தேடினாள். ஒன்றுகூட இல்லை. காவல் வைப்பதற்கு முன்னால், சேர்ந்த மாதத்தில், தன் பெயரிலேயே சேர்த்த அந்தப் பத்தொன்பது கமிட்டும் இப்போது சாந்தலிங்கம் என்று காட்டின. சின்ன ஃபைலைத் திறந்து பார்த்தாள். இடப்பக்கம் சாந்தலிங்கம். வலப்பக்கம், தப்பாக ஏறிய பெயருக்கான இடத்தில், ஜெசிந்தா மச்சாது.

"அடடா," என்றார் லிங்கம் சார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி. "பக்கம் மாறிப் போச்சாட்டம் இருக்குது. பழக்கம் உட்டுப் போச்சு கண்ணு. ஆனா இப்பத் தொட முடியாதே, நேத்து சாயங்காலமே அவிய காப்பி எடுத்துட்டாங்க. இனி எதத் தொட்டாலும் திருத்துனான்னு ஆயிரும்."

"தெரிஞ்சேதான செஞ்சீங்க?"

அவர் சானிடைசரைப் பிழிந்தார். ஜெசிந்தா அங்கே நின்று கத்தினாள். ஆபீஸுக்கே கேட்கும்படி, வேம்பார்க் கரையில் கத்துகிற குரலில், நான் எழுதுனது, ஒவ்வொரு வரியும் நான் எழுதுனது, ஒங்க எல்லாருக்கும் தெரியும் என்று கத்தினாள். முப்பத்தொன்பது பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுகவனம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

அடுத்த வாரம் பன்னிரண்டு பேர் பட்டியல் வந்தது. லாகில் இருந்தது ஒரே பெயர் என்பதால் மிச்சப் பதினோரு பேரை லிங்கம் சாரே எழுதிக் கொடுத்திருந்தார்; சுகவனம் அதில் இருந்தான். ஜெசிந்தாவுக்கு ஒரு கடிதம் வந்தது, ஆறு ஆண்டுகளில் தங்கள் பங்களிப்பு எதுவும் பதிவாகவில்லை என்று. "சிஸ்டம் அப்புடித்தான் காட்டுது," என்று வைஜயந்தி நிஜமாகவே கண் கலங்கச் சொன்னாள்.

இதற்கிடையில் சாப்பாட்டு அறையில் அந்தப் போர்டைக் கழற்றிவிட்டார்கள். கம்பெனியின் மூளை கருவாடு சாப்பிடுகிறவர் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும்போது அந்தப் போர்டு அங்கே எப்படித் தொங்கும்? புதன்கிழமைதோறும் லிங்கம் சாரைக் கௌரவிக்கக் கருவாட்டுச் சாப்பாடு என்று ஆரம்பித்தார்கள். முதல் வாரம் மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டவர்கள் மூன்றாம் வாரம் நெத்திலிக்கும் சாளைக்கும் வித்தியாசம் பேசினார்கள், நாலாம் வாரம் புளி போதவில்லை என்று குறை சொன்னார்கள். கைப்பக்குவமும் கணினி அறிவும் என்று லிங்கம் சார் ஒரு கல்லூரியில் உரை ஆற்றிவிட்டு வந்தார். அவர் டப்பாவை மட்டும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அதில் தயிர்சாதம் இருந்தது, கரண்டியும் இருந்தது.

ஜெசிந்தாவின் கடைசி நாளும் ஒரு புதன்கிழமையாக அமைந்தது. மெஷினை ஒப்படைக்கக் காலையில் வந்தவள், பழக்க தோஷத்தில் டப்பாவை எடுத்துக்கொண்டு இரும்புப் படிக்குப் போனாள். பூனைகள் ஏறி வருகின்றன என்று அந்தக் கதவைப் பூட்டிவிட்டிருந்தார்கள். வேறு இடமில்லாமல், ஆறு வருஷத்துக்குப் பிறகு, சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தாள். நாற்காலி எதுவும் பின்னுக்கு நகரவில்லை. எல்லா மேஜையிலும் அவள் வீட்டு வாசம். சர்வர் ரூம் வாசலிலிருந்து ஒரு பூனை எழுந்து பின்னாலேயே வந்து அவள் காலடியில் படுத்தது.

எதிரே ஒரு புதுப் பெண் வந்து உட்கார்ந்தாள். ஹர்ஷவர்தினி என்று கழுத்து அட்டையில் இருந்தது. வாங்கிய கம்பெனி புதிதாக எடுத்த பெண், சேர்ந்து ரெண்டே நாள்.

"அக்கா, உங்குளுதும் கருவாடுங்களா?" என்று அவள் ஆசையாகக் கேட்டாள். "லிங்கம் சாரப் பாத்துப் பழகிட்டீங்களா?"

ஜெசிந்தா வாயில் இருந்த கவளத்தை மென்றுகொண்டே இருந்தாள். இந்தப் பெண்ணிடம் கோபித்து என்ன ஆகப்போகிறது.

"ஒங்களுக்குக் குடுத்த மெஷின் என்ன நம்பரும்மா?"

"பதினேழுங்கா. காலைலதான் குடுத்தாங்க."

"சாப்புட்டு மொத வேலயா அதுல யாரு பேரு இருக்குன்னு பாருங்க. பாத்து, மாத்திக்கிடுங்க. இன்னைக்கே."

"பாத்துட்டனுங்கா," என்றாள் அந்தப் பெண், முகமெல்லாம் மலர. "சார் பேருதான் இருக்குது. அவ்வளவு பெரியவரு பேரு என்ற மெஷின்ல! மாத்தறக்கு மனசே வர்ல."

ஜெசிந்தா மிச்சக் கருவாட்டை முள் எடுத்துப் பூனைக்குப் போட்டுவிட்டு, கை கழுவாமல் வெளியே போனாள்.